சப் மீட்டர்

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு போர்ஷன் உண்டு. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா அதை வாடகைக்கு விட ஆரம்பித்தார். தனி இணைப்பு வாங்க மின்வாரியத்துக்கு யார் அலைவது என்று, வீட்டு மெயினிலிருந்து ஒரு லைனை மாடிக்கு இழுத்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு சப் மீட்டர் மாட்டினார். மாதம் பிறந்தால் டார்ச்சோடு போய்க் குனிந்து பார்த்து, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் யூனிட்டைக் குறித்து, மேலே கொடுத்தனுப்புவார். கொண்டுபோவது நான்.

முதலில் வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. அவர் வங்கியில் கிளார்க். அந்த அக்கா தாளைப் பார்த்ததும் முகம் சுருங்குவது எனக்குப் பழகிவிட்டது. "ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு மிக்ஸி. இதுக்கா பாப்பா இவ்வளவு?" என்பார். கீழே வந்து சொல்வேன். "மீட்டர் பொய் சொல்லுமா?" என்பார் அப்பா. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த 'மீட்டர் பொய் சொல்லுமா' என்ற கேள்வியோடுதான் நான் இன்ஜினியரிங் படித்தேன், வேலைக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. எது மெதுவாக ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று அளந்து சொல்வதே என் வேலை. பெர்ஃபாமன்ஸ் இன்ஜினியர் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும். (வீட்டில் இதை விளக்க முயன்று தோற்றவள் நான். "அதாவது சூப்பர்வைசர்" என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.)

எங்கள் மீட்டர்கள் பிராசஸருக்குள்ளேயே இருக்கின்றன. செயலி என்று எழுதலாம்தான். ஆனால் இன்று செயலி என்றால் எல்லோரும் போனில் இருக்கும் ஆப்பைத்தான் நினைக்கிறார்கள். பிராசஸரின் ஒவ்வொரு கோரிலும் சில கவுன்ட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு ரிஜிஸ்டர், அவ்வளவுதான். 'கேஷில் தேடிய தகவல் கிடைக்காமல் மெமரிக்குப் போன தடவைகளை எண்ணு' என்று ஒன்றிடம் சொன்னால், சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். புரோகிராம் வேகம் குறையாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு 'மெதுவாக ஓடியது' என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஏன் மெதுவாக ஓடியது என்பது இந்தக் கவுன்ட்டர்களுக்குத்தான் தெரியும்.

இவை வந்த கதையும் சுவாரசியமானது. 1993-இல் வந்த பென்டியம் பிராசஸரில் இப்படி இரண்டு கவுன்ட்டர்கள் இருந்தன. இன்டெல் அதைப் பற்றிய விவரங்களை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே கொடுத்தது. நார்வேக்காரரான டெர்யே மத்திசன் அவற்றைத் தானே நோண்டிக் கண்டுபிடித்து 1994 ஜூலையில் பைட் இதழில் எழுதினார். பணம் கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் இருக்கும் மீட்டரைப் பார்க்க அப்படியொரு ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கிறது. பிறகு இன்டெல்லே அதை ஆவணப்படுத்தியது. 2009-இல் லினக்ஸ் கெர்னலில் பெர்ஃப் என்ற வசதி சேர்ந்தபின் ஒரே கட்டளையில் கவுன்ட்டர்களைப் படிக்க முடிந்தது.

சிக்கல் என்னவென்றால் இவை மிகக் குறைவு. நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த இயந்திரம் ஸ்கைலேக் தலைமுறை. ஹைப்பர் த்ரெடிங் போட்டிருந்தால், கெர்னலின் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கோருக்கும் நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய கவுன்ட்டர்கள் நான்கே நான்கு. அவை தவிர, ஓடிய கட்டளைகள் எத்தனை என்பது போன்ற சிலவற்றை மட்டும் எண்ணும் நிலையான கவுன்ட்டர்கள் மூன்று. ஆனால் எண்ணக்கூடிய விஷயங்களோ நூற்றுக்கணக்கில். நான்கு குடம், தெரு முழுக்க ஜனம். பெர்ஃப் இதை முறை வைத்துச் சமாளிக்கும். கொஞ்ச நேரம் இதை எண்ணும், கொஞ்ச நேரம் அதை எண்ணும், கடைசியில் விகிதம் போட்டுப் பெருக்கிச் சொல்லும். ஆனால் அது நேர்மையான ஆள். எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு சதவீதம் போடும். 'மொத்த நேரத்தில் இவ்வளவு பங்குதான் நான் உண்மையில் எண்ணினேன், மீதி என் ஊகம்' என்று அதற்கு அர்த்தம்.

இதெல்லாம் சொந்த வீட்டில். வாடகை வீட்டில் என்ன ஆகும்?

இன்று பெரும்பாலான புரோகிராம்கள் ஓடுவது மெய்நிகர் இயந்திரங்களில், ஆபீஸ் பாஷையில் வி.எம். ஒரு பெரிய நிஜ இயந்திரம், அதற்குள் பல பொய் இயந்திரங்கள். நிஜத்துக்கு ஹோஸ்ட் என்று பெயர், உள்ளே இருப்பவை கெஸ்ட். இங்கிலீஷ்காரனுக்கு நாசூக்கு அதிகம். கெஸ்ட் என்றால் விருந்தாளி. மணிக்கணக்குப் போட்டு வாடகை வாங்குபவன் எந்த ஊரில் விருந்து வைத்தான்? நம் பாஷையில் சொன்னால் வீட்டுக்காரர், குடித்தனக்காரர். அப்படிச் சொன்னால்தான் விவகாரமும் புரியும்.

இந்த ஏற்பாட்டின் சட்ட திட்டத்தை போப்பெக்கும் கோல்ட்பெர்க்கும் 1974-இல் ஒரு கட்டுரையில் வகுத்தார்கள். வி.எம்.-இல் ஓடும் புரோகிராம், நிஜ இயந்திரத்தில் ஓடினால் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையில் ஆள் இல்லாமல் நேரடியாக பிராசஸரில் ஓட வேண்டும். ஆனாலும் வளங்கள் எல்லாம் வீட்டுக்காரர் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு இரண்டு விலக்குகளும் கொடுத்தார்கள்: நேரம் சம்பந்தப்பட்ட வித்தியாசங்கள், வளம் எவ்வளவு கிடைக்கிறது என்பதில் வரும் வித்தியாசங்கள். கல்லூரியில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதினேன். அந்த இரண்டு விலக்குகளைத்தான் என் பிழைப்பே அளக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. நேரத்தையும் வளத்தையும் எண்ணத்தானே கவுன்ட்டர்.

லினக்ஸின் கே.வி.எம்.-இல் 2012 வாக்கில் குடித்தனக்காரருக்கும் கவுன்ட்டர் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், கையில் கொடுக்கவில்லை. கெஸ்ட் தன் கவுன்ட்டர் ரிஜிஸ்டரில் எழுதப் போகும்போது பிராசஸர் அதைத் தடுத்து நிறுத்தி ஹோஸ்டிடம் ஒப்படைக்கும். ஹோஸ்டில் இருக்கும் கே.வி.எம். ஒரு புரோக்கர் மாதிரி, கெஸ்ட் சார்பில் ஹோஸ்டின் பெர்ஃபிடம் போய் ஒரு கவுன்ட்டர் கேட்கும். அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கிறது. இந்தக் கோரில் யார் ஓடினாலும் எனக்கு வேண்டும், விட்டுத்தர மாட்டேன் என்று பின் பண்ணிக் கேட்பவர்களுக்கு முதல் இடம். ஒரு குறிப்பிட்ட த்ரெட்டுக்காக அப்படிக் கேட்பவர்களுக்கு அடுத்த இடம். கெஸ்ட் தன்னை ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஹோஸ்டின் பார்வையில் அது நாலு த்ரெட், அவ்வளவுதான். எனவே இரண்டாம் வரிசை.

முதல் வரிசைக்காரர்கள் நான்கையும் எடுத்துக்கொண்டால், கெஸ்ட் சார்பில் எடுத்த கவுன்ட்டர் நின்றுவிடும். நின்றது கெஸ்டுக்குத் தெரியாது. ரிஜிஸ்டரைப் படித்தால் ஒரு எண் வரும், நேற்றைய பால் கணக்கு மாதிரி. கெஸ்டுக்குள் ஓடும் பெர்ஃபோ கவுன்ட்டர் முழு நேரமும் தன்னிடம்தான் இருந்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்த அடைப்புக்குறிச் சதவீதமும் வராது. நேர்மையான ஆளை ஏமாற்றி வாக்குமூலம் வாங்குவது போல.

இது எனக்கு அப்போது தெரியாது. கேள்விப்பட்டிருந்தேன் என்று சொல்வதுதான் நியாயம். எனக்கு நடக்கும் என்று நினைக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் டீமில் விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். காலேஜ் முடித்து இரண்டாவது வருடம். எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் அந்த ஆபீஸில் என்னை மட்டும் 'அக்கா' என்பான். சர்வரின் மெமரி ஒதுக்கீட்டை மாற்றி எழுதினான். சேர்ந்து தேவைப்படும் ரெக்கார்டுகள் மெமரியிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்படி ஒரு மாற்றம். அழகான வேலை. ரிவ்யூ செய்தவளே நான்தான். அது ரிலீஸ் ஆன வாரம் சர்வர் மெதுவானது. கஸ்டமர் கத்தினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "யார் கைவேலைன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். பழைய கோடுக்கு நான் முன்பே எடுத்து வைத்திருந்த கணக்கு இருந்தது. புதிய கோடை அரை மணி நேரம் ஓட்டிக் கணக்கு எடுத்தேன். கேஷ் தவறிய எண்ணிக்கை பழையதைப் போல 2.7 மடங்கு. பக்கத்து வி.எம். யாராவது தொந்தரவு செய்கிறாரா என்றும் பார்த்தேன், சும்மா விடவில்லை. டாப் கட்டளையில் எஸ்.டி. என்று ஒரு பத்தி உண்டு, ஸ்டீல் டைம், திருட்டுப்போன நேரம். நமக்கு வேண்டிய பிராசஸர் நேரத்தை ஹோஸ்ட் வேறு யாருக்கோ கொடுத்தால் அது அதில் ஏறும். அது பூஜ்யம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் குற்றவாளி இல்லை. கோடுதான்.

ரிப்போர்ட் எழுதினேன். ஒரு வரைபடம், இரண்டு கம்பங்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. மீட்டிங்கில் அதைத் திரையில் போட்டபோது அவன் எதுவும் பேசவில்லை. "இதுல டவுட் எதுவும் இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "இல்ல சார், அக்கா அளந்திருக்காங்க" என்றான்.

மாற்றத்தைத் திரும்பப் பெற்றோம். அதே வாரத்தில் இயந்திரம் மாற்றியதில் சர்வரும் சரியாகிவிட்டது. எல்லோரும் கோடைத் திரும்பப் பெற்றதால்தான் சரியானது என்று நினைத்தோம். அந்த வருட அப்ரைசலில் அவனுக்கு என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியதில் என் ரிப்போர்ட்டின் லிங்க் இருந்தது. நான்கு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கடைசி நாள் எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தான்.

அதற்கும் சில மாதம் கழித்து நான் இயந்திரங்களைப் பராமரிக்கும் டீமுக்கு மாறினேன். அதுவரை குடித்தனக்காரி, அன்று முதல் வீட்டுக்காரி. ஹோஸ்டில் லாகின் செய்யும் உரிமை முதல்முறையாகக் கிடைத்தது. ஹோஸ்டில் ஒரு கண்காணிப்பு ஏஜென்ட் ஓடுவதைப் பார்த்தேன். பாதி இயந்திரங்களில் போட்டிருந்தார்கள், பாதியில் இன்னும் போடவில்லை. அதன் கான்ஃபிக் ஃபைலைச் சும்மா திறந்தேன். நிமிடத்தில் 40 நொடி நான்கு கவுன்ட்டர்களையும் பின் பண்ணி எடுத்துக்கொள்ளும், 20 நொடி விட்டுவிடும்.

நாற்பது எடுத்தால் மிச்சம் இருபது. அறுபதில் இருபது. மூன்றில் ஒரு பங்கு.

அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. பழைய டிக்கெட்டுகளைத் தோண்டி எந்த ரன் எந்த ஹோஸ்டில் நடந்தது என்று பார்த்தேன். பழைய கோடை அளந்த இயந்திரத்தில் ஏஜென்ட் இருந்தது. புதிய கோடை அளந்ததில் இல்லை. ஆக, பழைய கோடின் நிஜ எண்ணிக்கை நான் எழுதியதைப் போல மூன்று மடங்கு. அவனுடையது 2.7. அதாவது அவன் கோடு பழையதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கேஷைத் தவறவிட்டது. என் நெட்டைக் கம்பத்தில் குறைந்த அந்த 0.3 தான் அவன் செய்த வேலை. அது என் வரைபடத்திலேயே இருந்தது.

இரண்டையும் ஏஜென்ட் இல்லாத, வேறு வி.எம். எதுவும் இல்லாத ஒரு ஹோஸ்டில் வைத்து மறுபடி ஓட்டினேன். அப்படித்தான் வந்தது. சர்வர் மெதுவானதற்குக் காரணம் இயந்திரம். ரிலீஸ் ஆன வாரம் எங்கள் வி.எம்.-ஐ வேறு ஹோஸ்டுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஒரே நிஜ கோரின் ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் இன்னொரு பரபரப்பான வி.எம். ஹைப்பர் த்ரெடிங்கில் இரண்டு பாதியும் ஒரே அடுப்பில் சமைப்பவர்கள். ஆனால் கணக்குப்படி இரண்டு பேருக்கும் முழு நேரமும் தனித்தனி கோர் கிடைத்ததாகத்தான் ஆகும். அதனால் ஸ்டீல் டைமில் ஒன்றும் ஏறாது. நான் பூஜ்யத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். நிலையான கவுன்ட்டர் ஒன்று, ஓடிய கட்டளைகளின் எண்ணிக்கை, இரண்டு ரன்னிலும் ஏறக்குறைய ஒன்றே என்று உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அது என் கதைக்கு உதவவில்லை, அதனால் ரிப்போர்ட்டில் போடவில்லை. இதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மீட்டர் ரகசியமாக நின்றது என் தப்பில்லை. இதை விட்டது என் தப்பு.

இந்த விவகாரத்துக்கு வழி தேடுபவர்கள் இருக்கிறார்கள். 2024-இல் இன்டெல், கூகுள் பொறியாளர்கள் கே.வி.எம்.-க்கு ஒரு மாற்று ஏற்பாட்டை முன்வைத்தார்கள். புரோக்கர் வேண்டாம்; கெஸ்ட் ஓடும் நேரத்தில் நிஜக் கவுன்ட்டர்களையே அதன் கையில் கொடுத்துவிடுவது. கெஸ்டுக்குள் நுழையும்போது ஹோஸ்ட் தன் எண்ணிக்கையை நிறுத்தி எடுத்து வைத்துக்கொள்ளும், வெளியே வரும்போது மறுபடி போட்டுக்கொள்ளும். அப்போது குடித்தனக்காரர் மீட்டர் உண்மை சொல்லும். ஆனால் அவர் வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் எதையும் எண்ண முடியாது. கெஸ்டையும் சேர்த்து மொத்த இயந்திரத்தையும் அளக்க ஹோஸ்ட் கேட்டால் முடியாது என்றே பதில் வரும். எண்ணிக்கையைப் பாதியாக்கிப் பொய் சொல்வதைவிட, முடியாது என்று சொல்வது மரியாதை என்பது என் கட்சி. இப்போது வீட்டுக்காரியாக இருக்கும் எனக்கு அதனால் ராத்திரித் தூக்கம் கெடும் என்பதும் உண்மை.

வாடகைக்கு விடும் பெரிய கம்பெனிகள் வெகுகாலம் மீட்டரையே கொடுக்கவில்லை. கேஷை எண்ண விட்டால் பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று மோப்பம் பிடிக்கலாம் என்ற பயமும் அதில் உண்டு; நியாயமான பயம்தான். அப்போது நெட்ஃப்ளிக்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், அமேசான் கிளவுடில் கவுன்ட்டர்கள் கிடைக்க ஆரம்பித்துவிட்டன என்று 2017-இல் உற்சாகமாக எழுதினார். கிடைத்தது, முழு இயந்திரத்தையும் ஒருவரே எடுத்துக்கொள்ளும் பெரிய அளவுகளுக்கு. மொத்த வீட்டையும் எடுப்பவருக்குத்தான் மெயின் மீட்டர்.

உறையூர் மாடிக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் அந்த அக்கா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனார். அவரும் லீவு போட்டுக்கொண்டு கூடவே போய்விட்டார். வீடு பூட்டியிருந்தது. மாதம் பிறந்ததும் அப்பா பழக்கதோஷத்தில் டார்ச்சோடு போய்க் குனிந்தார். பூட்டிய வீடு அந்த மாதம் 40 யூனிட்டுக்கு மேல் எரித்திருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் சப் மீட்டர் சக்கரம் சுற்றியது. எங்கள் மோட்டார் லைனை யாரோ சப் மீட்டரைத் தாண்டி எடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாக நாங்கள் இறைத்த தண்ணீருக்கு அவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா லைனை மாற்றினார். அவர்கள் குழந்தையோடு திரும்பி வந்ததும், "பெயின்ட் அடிக்கணும், அடிக்கல. அதுவரைக்கும் வாடகைல கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார். ஒரு வருடத்துக்கும் மேல் குறைந்த வாடகைதான் வாங்கினார். கூட்டிப் பார்த்தால் கொடுக்க வேண்டியதைவிட அதிகமே கொடுத்திருப்பார். ஆனால் மோட்டார் விஷயத்தைச் சொல்லவேயில்லை. என்னையும் சொல்லக்கூடாது என்றார். அந்த அக்கா கடைசி வரை, தான் தான் கரன்ட்டைப் பார்த்துச் செலவு பண்ணத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஃபேனை அணைத்துவிட்டுக் குழந்தைக்கு விசிறியால் வீசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் மேனேஜருக்கு மெயில் எழுதினேன். இரண்டு கம்பங்களையும் திருத்திப் போட்டு, அப்ரைசலில் இருக்கும் லிங்கை எடுக்கச் சொல்லி. "நல்ல அனாலிசிஸ். ஆனா அவரே போயிட்டாரே" என்று பதில் வந்தது. ஏஜென்ட் கான்ஃபிக்கை மாற்ற மட்டும் டிக்கெட் போட்டார்கள்.

அவன் நம்பர் இருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். நடுவில் ஒரு தடவை, 'எங்க டீம்ல ஓப்பனிங் இருக்கு, வரியா?' என்று மட்டும் ஒரு மெசேஜ் டைப் செய்து, அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்தேன். அது பெயின்ட் கதை.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏஜென்ட், நாற்பது நொடி, ஹைப்பர் த்ரெடிங், நான் விட்ட அந்தக் கட்டளை எண்ணிக்கை. குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் லைனில் தெருச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் இப்ப ஃப்ரன்ட் எண்ட்ல இருக்கேன்க்கா" என்றான். "மெமரி சைடு நமக்கு வராதுன்னு விட்டுட்டேன்."

மன்னிப்பு கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. பிறகு, "அந்த ரெண்டு ரன்னோட ரா டேட்டா இருக்கா?" என்றான்.

"இருக்கு. புதுசா எடுத்ததும் இருக்கு. அனுப்பலாம்தான், ஆனா நானே அதெல்லாம் சரிபார்த்துட்டேன் தம்பி."

"பரவால்லக்கா, அனுப்புங்க. இந்தத் தடவை நானே பாத்துக்கிறேன்."

ஹோஸ்ட் பெயர், ஏஜென்ட் கான்ஃபிக், நான்கு ரன்களின் கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு அன்று ராத்திரியே அனுப்பினேன்.